சைக்கிள் முன்விளக்கும் பெட்டியில் அச்சாகும் பொய்க் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் விளக்கில்லாமல் வரும் சைக்கிள்களைப் போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்தி அபராதம் விதிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். தம் காரின் வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் ஒரு சைக்கிள்காரர் கண்ணில் பட்டார் என்றும், அன்று பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதமாகியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும் என்றும் அவர் எழுதியிருந்ததைப் படித்தபோது, அந்தச் சைக்கிள்காரரின் இடத்தில் என்னையே வைத்துப் பார்த்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் நான், ஆவடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்தை 19 ஆண்டுகளாகச் சைக்கிளிலேயே போய் வருகிறேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்குக் கிளம்பினால் வீடு சேர 40 நிமிடம் ஆகும். முதல் ஷிப்ட் வாரத்தில் அதிகாலை 5 மணிக்கே புறப்பட்டாக வேண்டும்; தை மாதத்தில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடுவதால் அந்தப் பயணமும் இருட்டில்தான்.

விளக்கு வேண்டும் என்பதில் அந்த அன்பரோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் எங்கள் பட்டறையின் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, உரியவர்களிடம் கேட்டபோது தெரிய வந்தது வேறொன்று. விளக்கே வாங்காதவர்களைவிட, ஒரு முறையோ இரு முறையோ வாங்கி, அது சில மாதங்களில் கைவிட்டதால் கழற்றிப் போட்டுவிட்டவர்களே அதிகம். பல வண்டிகளின் ஹேண்டில்பாரில் விளக்கின் பிடிப்பான் மட்டும் மிச்சமிருக்கிறது. அபராதம் போட்டால் இவர்கள் மறுநாளே இன்னொரு விளக்கு வாங்குவார்கள். அதுவும் சில மாதங்களில் அணையும். எந்த விளக்கு, எந்த பேட்டரி என்பதைத் தெரிந்து வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதால், பட்டு அறிந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் அப்பாவின் சைக்கிளில் டைனமோ விளக்கு இருந்தது. பின்சக்கரத்தின் டயரில் உரசிச் சுழலும் அந்தச் சிறு உருளை தருவது 6 வோல்ட், 3 வாட், அதில் 2.4 வாட் முன்விளக்குக்கு, மீதி 0.6 வாட் பின்விளக்குக்கு. மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும், மேட்டில் மிதிக்கும்போது வெளிச்சம் மங்கிச் சிவக்கும். ஆனாலும் அந்த விளக்கு அவரை ஏமாற்றியதில்லை. அது எவ்வளவு தரும், எப்போது தராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கில்லாமல் போனால் காவலர் பிடித்துக்கொள்வார் என்ற அச்சமும் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. ஜெர்மனியில் 2013 வரை பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோ விளக்குத்தான் சட்டப்படி கட்டாயம்; அதன் பிறகே பேட்டரி விளக்குகளுக்கு முழு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் டைனமோ எந்தச் சட்டமும் இல்லாமலே மறைந்துவிட்டது. அதன் இடத்துக்கு எல்.இ.டி.யும் லித்தியம் பேட்டரியும் வந்தன. இரண்டுமே அருமையான கண்டுபிடிப்புகள். நீல எல்.இ.டி.யை உருவாக்கியவர்களுக்கு 2014-லும் லித்தியம் அயனி பேட்டரிக்கு வழி வகுத்தவர்களுக்கு 2019-லும் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய அறிவின் பயன், இரவில் வீடு திரும்பும் தொழிலாளியின் கைக்கு வரும்போது போலிச் சரக்காக வந்து சேர்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 800 ரூபாய்க்கு ஒரு முன்விளக்கு வாங்கினேன். பெட்டியில் ஒளியின் அளவு 2000 லூமன் என்றும், பேட்டரியின் கொள்ளளவு 6000 எம்.ஏ.எச். என்றும், 8 மணி நேரம் எரியும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். முதல் வாரம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஐப்பசி மாதத்தில் ஒரு மழை இரவு, திருமுல்லைவாயலைத் தாண்டித் தெருவிளக்கு எரியாத ஓர் இடத்தில் வந்துகொண்டிருந்தபோது, மங்குவதோ மினுக்குவதோ ஏதுமின்றி ஒரே நொடியில் அது அணைந்துவிட்டது. பழைய டார்ச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தீரும். லித்தியம் பேட்டரியில் அப்படி இல்லை. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பேட்டரி கெடாமல் இருப்பதற்காக உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பேட்டரிக்கு அது நல்லது; வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணோடு திடீரென்று இருட்டில் விடப்படும் சைக்கிள்காரருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. தண்ணீர் நிறைந்திருந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கி, இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தேன். தினக்கூலிக்காரனாக இருந்திருந்தால் அந்த ஆறு வாரம் என் குடும்பத்தை என்ன செய்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஆறு வாரத்தில் அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிளஸ் 2 இயற்பியல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்குத்தான் அது. 6000 எம்.ஏ.எச். என்பது 6 ஆம்பியர் மணி; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 22 வாட் மணி, அதாவது 1 வாட் விளக்கை 22 மணி நேரம் எரிக்கும் மின்சாரம். இன்றைய சைக்கிள் விளக்குகளில் 1 வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 2000 லூமனுக்கு 20 வாட் வேண்டும். 22 வாட் மணியை 20 வாட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? பெட்டியில் இருந்த மூன்று எண்களையும் நிஜம் என்றே எடுத்துக்கொண்டாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டிருந்தால் என் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு விளக்கின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இருந்தது 18650 என்ற அளவுள்ள ஒற்றைச் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. பழைய மடிக்கணினி பேட்டரிகளிலும் கையடக்கத் துளையிடும் கருவிகள் பலவற்றிலும் இருப்பது இதே அளவுதான். இந்த அளவுள்ள செல்லில் நம்பகமான தயாரிப்பாளர்கள் தரும் கொள்ளளவு பெரும்பாலும் 2000 முதல் 3500 எம்.ஏ.எச். வரைதான் இருக்கும், 6000 என்றோ 9900 என்றோ உறையில் அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டியதில்லை. நல்ல 18650 செல்லின் எடை ஏறத்தாழ 45 முதல் 48 கிராம். தெரிந்த நகைக்கடையில் தங்கம் நிறுக்கும் தராசில் என்னுடையதை வைத்துப் பார்த்தேன்: 33 கிராம். உறைக்குள் சரக்கே குறைவாக இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எங்கள் பராமரிப்புப் பிரிவில் செல்லின் கொள்ளளவை அளந்து காட்டும் சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதில் போட்டபோது 1150 என்று காட்டியது. அச்சிட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் செல்லை நான் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

லூமன் எண்ணை மட்டும் பார்த்து விளக்கு வாங்குவதில் இன்னொரு தவறும் இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் பெரிய தவறு. லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் மொத்த ஒளி. சாலையில் விழும் ஒளியின் அளவைச் சொல்வது லக்ஸ். டார்ச் லைட்டைப் போல வட்டமாக ஒளி வீசும் விளக்கை ஹேண்டில்பாரில் கட்டினால், ஒளியில் பெரும்பங்கு மேலே போய் மரக்கிளைகளிலும் எதிரே வருபவரின் முகத்திலும் விழுந்து வீணாகிறது. ஜெர்மனியில் விற்கும் சைக்கிள் விளக்குகளைப் பாருங்கள். மோட்டார் வண்டியின் தாழ்ந்த விளக்கைப் போல, ஒரு கிடைக்கோட்டுக்கு மேலே ஒளி போகாதவாறு கண்ணாடியும் எதிரொளிப்பானும் அமைத்திருப்பார்கள். 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும் என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள். லூமன் கணக்கில் பார்த்தால் அந்த விளக்குகளில் பலவும் மிகச் சாதாரணமாகத் தெரியும். சாலையில் பார்த்தால் பள்ளமும் சரளையும் வேகத்தடையும் தெளிவாகத் தெரியும். சைக்கிளில் மினுக்கும் விளக்கு எரிக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். அது நியாயம்தான், மினுக்கும் விளக்கைப் பார்ப்பவருக்கு ஏதோ வருகிறது என்று தெரியுமே தவிர, எவ்வளவு தொலைவில் வருகிறது என்பதைக் கண் சரியாக அளக்க முடிவதில்லை. முன்னால் நிலையாக எரியும் விளக்கையே எரிக்கும்படி என் நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

இன்று சாலையில் நிலைமையும் மாறியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய இரு சக்கர மோட்டார் வாகனங்களில் முகப்பு விளக்கு எந்நேரமும் எரியும்படி இருக்க வேண்டும் என்பது விதி. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் இரவு 11 மணிக்கும் எதிர்ப்பக்கம் முழுக்க விளக்குகளின் வரிசைதான். அந்த ஒளி வெள்ளத்தில் விளக்கில்லாத சைக்கிள் கரும்புள்ளியாகக்கூடத் தெரிவதில்லை. முன்பு அரை நிலவொளியில் தெரிந்த அளவுக்குக்கூட இப்போது நாங்கள் தெரிவதில்லை. சைக்கிளில் பொருத்தும் பிரதிபலிப்பான்களுக்குத் தரக் கட்டுப்பாடு கொண்டுவரும் ஆணையை மத்திய அரசு 2020-ல் பிறப்பித்ததை வரவேற்கிறேன். ஆனால் பிரதிபலிப்பான் பிறர் விளக்கின் ஒளி தன்மேல் விழுந்தால்தான் பேசும். ஓட்டுபவருக்குப் பள்ளத்தைக் காட்டாது.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் நொடிக்கு 5 மீட்டர் கடக்கிறது. பள்ளத்தைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்றால் அதற்குள் ஏழரை மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் கட்டைகளோடு நிற்பதற்கு மேலும் நான்கு மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, 12 மீட்டருக்கு அப்பால் கிடப்பது தெரிந்தால்தான் நிற்க முடியும். மழையில் இன்னும் தள்ளியே தெரிய வேண்டும். தெருவிளக்கு எரியும் சாலைக்கு, ஒளி சாலையில் விழுமாறு அமைந்த 150 லூமன் விளக்கே போதும். இருட்டான சாலைக்கு 300 அல்லது 400 லூமன் தாராளம். நகரத்துக்குள் வேலைக்குப் போய்வருபவருக்கு 1000 லூமனும் அதற்கு மேலும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பேட்டரியைத் தின்பதும் எதிரே வருபவரைக் குருடாக்குவதும்தான் அதன் பலன்.

விளக்கைச் சரியான கோணத்தில் வைப்பதற்கு ஓர் எளிய முறை உண்டு. இரவில் சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் நேராக நிறுத்திக்கொள்ளுங்கள். தரையிலிருந்து விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதில் பாதி உயரத்தில், ஒளியின் நடுப்பகுதி சுவரில் விழ வேண்டும். ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரமென்றால் சுவரில் அரை மீட்டர் உயரம். அப்படி வைத்தால் ஒளியின் மையம் 10 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். அதன் மேல்விளிம்பு இன்னும் சில மீட்டர் தள்ளிப் போகும். எங்கள் தெருச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை சரிபார்க்கிறேன், ஏனென்றால் வேகத்தடைகளில் ஏறி இறங்கும் அதிர்ச்சியில் பிடிப்பான் மெல்ல மெல்லத் திரும்பிவிடுகிறது. நம் ஊர் சாதா சைக்கிளின் ஹேண்டில்பார் குழாய் மெலிதாக இருப்பதால், வெளிநாட்டு வண்டிக்கென்று செய்த பிடிப்பான்கள் இறுக்கமாக நிற்பதில்லை. பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அதன்மேல் பூட்டினால் அசையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கம் எங்களில் பலருக்கு இருக்கிறது. பை முன்னால் தொங்கி விளக்கையே மறைத்துவிடுகிறது. விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு, தன் டிபன் கேரியருக்கு மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டு போனவரை நான் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். பையைப் பின் கேரியரில் கட்டுவதே சரி.

இனி பேட்டரி. விளக்கு வாங்குவதென்றால் பாதி பேட்டரி வாங்குவதுதான். உள்ளேயே பொதிந்து, கழற்ற முடியாதபடி ஒட்டிய பேட்டரி உள்ள விளக்கை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. லித்தியம் செல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில நூறு முறை சார்ஜ் ஏற்றியபின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். தினமும் பயன்படுத்துபவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நிலை வரும், அப்போது எல்.இ.டி.யும் கண்ணாடியும் நன்றாக இருக்க, செல் ஒன்றுக்காக முழு விளக்கையும் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. 18650 செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கில் செல்லை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் விளக்கு பல ஆண்டு உழைக்கும். கூடுதலாக ஒரு செல்லைப் பையில் வைத்துக்கொண்டால் வழியில் அணைந்தாலும் ஒரு நிமிட வேலை. நான் இப்போது பயன்படுத்துவது 2600 எம்.ஏ.எச். செல் போட்ட விளக்கு. 2.6-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட் மணிக்குச் சற்றுக் கூடுதல்; 300 லூமன் நிலையில் 3 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். 40 நிமிடப் பயணத்துக்கு நான்கு நாள் வரும் என்று கணக்கு, நான் மூன்று நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறேன்.

செல் வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம்; ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் செல்லிலோ உறையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புச் சுற்று சேர்த்த செல் 65 மில்லிமீட்டரைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருப்பதால் எல்லா விளக்குகளிலும் நுழையாது. பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. நான் சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் கடையில் நேரில் பார்த்து, தராசில் நிறுத்துத்தான் வாங்கினேன். கடைக்காரரும் முகம் சுளிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. தனியாக இருக்கும் லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் சட்டைப் பையில் போடவே கூடாது. இரு முனையையும் உலோகம் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டே எடுத்துச் செல்ல வேண்டும்.

லித்தியம் என்றால் பயப்படுபவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. பென்டார்ச் செல் அளவில் வரும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரிசார்ஜ் செல்களைத்தான் சொல்கிறேன். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். 2000 எம்.ஏ.எச். செல் நான்கு போட்டால் 9.6 வாட் மணி. மேலே நான் சொன்ன ஒற்றை லித்தியம் செல்லுக்குச் சமம். எடை மட்டும் 100 கிராமைத் தாண்டும், அது சைக்கிளில் ஒரு பொருட்டே இல்லை. இந்தச் செல்களில் முன்பு ஒரு குறை இருந்தது: சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்தால் ஒரு மாதத்தில் கணிசமான பங்கு தானாகவே வடிந்துவிடும். 2005-ல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த செல்கள் அந்தக் குறையைப் போக்கின. ஓராண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி மின்சாரம் அப்படியே இருக்கும். இப்போது வேறு தயாரிப்பாளர்களும் அந்த வகையைச் செய்கிறார்கள். உறையில் 2700 என்று பெரிய எண் போட்ட செல்லைவிட, வடியாத வகையைச் சேர்ந்த 2000 செல்லே தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்றது. கொள்ளளவைக் கூட்டும்போது செல்லின் ஆயுள் குறைகிறது. சாதாரண 1.5 வோல்ட் செல்லுக்கென்று செய்த மலிவான விளக்குகளில் இவற்றைப் போட்டால் வெளிச்சம் சற்றுக் குறையலாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று உள்ள விளக்குகளில் வேறுபாடு தெரியாது. நான்கு செல்லையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். பழையதோடு புதியதைக் கலந்தால் பலவீனமான செல் முதலில் வடிந்து, மற்றவை அதைத் தலைகீழாகத் தள்ளிக் கெடுத்துவிடும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து, நிரம்பியதும் நிறுத்தும் சார்ஜரை வாங்குங்கள். சார்ஜரில் மிச்சம் பிடிப்பவர் செல்லில் இழப்பார்.

சார்ஜ் செய்யும் துளையைப் பற்றியும் ஒரு சொல். டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜே ஏறாத விளக்குகள் விற்பனையில் இருக்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சிறு மின்தடைகளைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவதே காரணம். விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்து எறிந்துவிடாமல், பழைய தட்டையான யு.எஸ்.பி. முனை கொண்ட கேபிளைப் போட்டுப் பாருங்கள். அந்தத் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் முதலில் புகுவது அதன் வழியாகத்தான். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எப்பக்கம் தெளிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். சென்னை மழைக்கு முதலாவது போதும். தேங்கிய நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பகுதிகளில் இருப்பவர் இரண்டாவதைத் தேடலாம். மழையைவிட வெயில்தான் பேட்டரியின் ஆயுளைக் குடிக்கிறது. சித்திரை வெயிலில் நிற்கும் சைக்கிளில் விளக்கை விட்டுவைக்காமல் கழற்றி உள்ளே எடுத்துப் போவதையும், நீண்ட நாள் பயன்படுத்தாதபோது முழுமையாகச் சார்ஜ் ஏற்றாமல் பாதியளவில் வைப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டால் செல் கூடுதல் காலம் வரும். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்பதை நிறத்தாலோ எண்ணாலோ காட்டும் விளக்கையே வாங்க வேண்டும். திடீரென்று அணையும் லித்தியம் விளக்கில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மணிக்கட்டு அறியும். கூடவே, முன்விளக்கு அணைந்தால் மாற்றாக ஒரு சிறு விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும். அவை இரண்டும் விலை குறைந்தவை, மின்சாரமும் அதிகம் இழுப்பதில்லை.

இவை வாங்குபவர் கையில் இருப்பவை. அரசின் கையில் இருப்பவையும் உண்டு. எத்தனை லூமன் நிலையில் எத்தனை மணி நேரம் எரியும், உள்ளே இருக்கும் செல்லின் அளவும் உண்மையான கொள்ளளவும் என்ன, 10 மீட்டரில் எத்தனை லக்ஸ் விழும் என்ற மூன்றையும் ஒவ்வொரு சைக்கிள் விளக்குப் பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். பொய்யாக அச்சிடுபவர் மீது நுகர்வோர் சட்டத்தின்படி நடவடிக்கை வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு விலையில்லா சைக்கிள் வழங்குகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு அந்தச் சைக்கிள்களில்தான் வருகிறார்கள், ஒன்றிலும் விளக்கு பார்த்ததில்லை. செல் மாற்றக்கூடிய, எளிய, 150 லூமன் முன்விளக்கு ஒன்றையும் அந்தச் சைக்கிளோடு சேர்த்துக் கொடுத்தால், வாழ்நாள் முழுதும் விளக்கோடு ஓட்டும் பழக்கமும் அந்த வயதிலேயே வந்துவிடும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ல் வந்துவிட்டன. தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று அவை சொல்கின்றன. ஆனால் தீர்ந்துபோன ஒரு செல்லை எங்கே கொடுப்பது என்று கேட்டால் எங்கள் பகுதிக் கடைகளில் பதில் சொல்ல ஆள் இல்லை. சைக்கிள் கடைகளில் அதற்கென்று ஒரு பெட்டி வைக்கச் செய்யலாம்.

அபராதம் வேண்டும் என்று எழுதிய அன்பருக்கும் ஒரு வேண்டுகோள். காவலர் நிறுத்தும்போது விளக்கு இருக்கிறதா என்பதோடு, அது எந்தக் கோணத்தில் எரிகிறது என்பதையும் பார்த்துச் சொன்னால் எங்களுக்கும் உதவி, எதிரே வரும் உங்களுக்கும் உதவி.

ஆசிரியர் அவர்கள் மனம் வைத்தால் இன்னொன்றும் செய்யலாம். சந்தையில் அதிகம் விற்கும் சைக்கிள் முன்விளக்குகளில் சிலவற்றைத் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியினர் வாங்கி, லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து, கடிகாரம் வைத்து எரியவிட்டு, பெட்டியில் அச்சிட்டதையும் அளந்து கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அதற்குப் பயன்படுமானால், என்னிடம் உள்ள மூன்று விளக்குகளையும், நகைக்கடைத் தராசில் 33 கிராம் காட்டிய அந்தச் செல்லையும், 6000 என்று அச்சிட்ட அதன் பெட்டியையும் தங்கள் அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிளில் பணிக்குச் செல்லும் வாசகர்,
ஆவடி.